பட்டாவுக்குத் தகப்பன் பெயர்

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘முனுசாமி’ என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஏழுமலைக்கும் கன்னியப்பனுக்கும் இதே கதைதான். துலுக்காணமும் குறைந்த எண்ணிக்கையில் இல்லை. ஊருக்குள் இது ஒரு சிக்கலே இல்லை. லாரி முனுசாமி, மேட்டுத்தெரு முனுசாமி, பம்புசெட் முனுசாமி என்று அவரவருக்கு ஓர் ஒட்டு போட்டுப் பிரித்துவிடுவார்கள். பட்டாவில் இந்த ஒட்டு செல்லாது. அங்கே இருப்பது ஒரு பெயர், அதன் பக்கத்தில் தகப்பன் பெயர், பிறகு புல எண், உட்பிரிவு, ஹெக்டேர், ஏர்ஸ், தீர்வை. அவ்வளவுதான்.

தீர்வை என்பது ஏதோ சில ரூபாய்கள். அதற்காக யாரும் பட்டாவை எடுத்துப் பார்த்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து, 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே உருண்டபோதுதான் பெட்டிக்குள் கிடந்த பட்டாக்களுக்கு உயிர் வந்தது. அடுத்து ஸ்ரீபெரும்புதூர், பிறகு ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம். சிப்காட் நிலம் எடுக்க வந்தால் முதலில் கேட்பது பட்டா யார் பேரில் என்பதைத்தான். மூன்று தலைமுறையாக உழுதவர் யார் என்பது அடுத்த கேள்வி. சில சமயம் அது கேட்கப்படுவதே இல்லை. தாத்தா பெயரும் பெரியதாத்தா பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் இழப்பீட்டுத் தொகை கோர்ட்டு டெபாசிட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் காகிதத்தை யார் ஆரம்பித்தது? பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி உண்டு: ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் தாமஸ் மன்றோ. தீவுத்திடலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர். சேணமும் அங்கவடியும் வைக்க மறந்ததால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னைக்காரர்கள் சலிக்காமல் சொல்லும் கதை அவர் சிலையைப் பற்றியதுதான். கதை பொய். அதைச் செய்த சான்ட்ரி லண்டனில் பேர்பெற்ற சிற்பி. ஒரு ராஜாவின் சிலையையும் அவர் இதே பாணியில், அங்கவடி இல்லாமல்தான் செய்திருக்கிறார். மன்றோ சிலை 1839-ல் நிறுவப்பட்டது.

ஆனால் மன்றோவும் அந்தக் காலத்தில் ஒரு முனுசாமிதான். ஸ்காட்லாந்தின் வடக்கில் அது ஒரு குலப்பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலும் பிரிட்டிஷ் ராஜாவின் படையிலும் மன்றோக்கள் நிறையவே இருந்தார்கள். 1780-ல் ஹைதர் அலியோடு மூண்ட ஒரே போரில், இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலேயே, மூன்று மன்றோக்கள் இருந்தார்கள். தளபதி ஹெக்டர் மன்றோ. ஹைலேண்டர் பட்டாளத்தில் இருந்து, பின்னால் 1789-ல் அந்தப் போரைப் பற்றிப் புத்தகம் எழுதிய இன்னஸ் மன்றோ. மூன்றாமவர் அப்போது பத்தொன்பது வயதான காலாட்படைச் சிறு அதிகாரி தாமஸ் மன்றோ. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களைப் படிக்கப் புகுந்தால், தோற்றவர் தலையில் புகழும் ஜெயித்தவர் தலையில் பழியும் வந்து விழும்.

மூத்தவரிலிருந்து தொடங்குவோம். ஹெக்டர் மன்றோ 1764-ல் பக்ஸாரில் வென்றவர். அதற்குச் சில வாரங்கள் முன்பு கலகம் செய்த சிப்பாய்கள் இருபத்துநான்கு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடத் தீர்ப்பு வாங்கியவரும் அவரே. அந்தப் பெயரோடு மெட்ராஸுக்கு வந்தார். 1780 ஜூலையில் ஹைதர் மலையிறங்கி வந்து, மெட்ராஸைச் சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தத் தொடங்கினார். ஆகஸ்ட் 26 அன்று ஹெக்டர் பரங்கிமலையிலிருந்து சுமார் ஐயாயிரம் பேரோடு கிளம்பி 29-ஆம் தேதி காஞ்சிபுரம் சேர்ந்தார். வடக்கேயிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 2,800 பேரோடு வந்து அவரோடு சேர வேண்டும். வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லியை நாட்கணக்கில் நிறுத்திவிட்டது. பேரம்பாக்கம் பக்கம் வந்தபோது திப்பு மறித்துக்கொண்டார். காஞ்சிக்கும் பெய்லிக்கும் இடையே சில மைல் தூரம்தான். ஹெக்டர் அசையவில்லை. காஞ்சிக் கோயிலுக்குள் அடுக்கிவைத்திருந்த அரிசியை விட்டுப் போக மனமில்லை. ஃப்ளெச்சர் என்ற அதிகாரியோடு சுமார் ஆயிரம் பேரை மட்டும் இரவோடு இரவாக அனுப்பினார்.

செப்டம்பர் 10 காலையில் புள்ளலூரில் கதை முடிந்தது. திப்புவின் ராக்கெட்டுகளும் ஹைதரின் பீரங்கிகளும் சூழ்ந்துகொள்ள, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஃப்ளெச்சர் செத்தார். பெய்லி பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் செத்தார். மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளை வென்றதும் இதே புள்ளலூரில்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆக அந்த ஊருக்குப் போர் புதிதல்ல. மறுநாள் ஹெக்டர் தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பக்ஸார் வீரர் ஒரே மாதத்தில் மெட்ராஸின் வசைச்சொல் ஆனார். அடுத்த வருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து ஓரளவு மானம் மீட்டார். அந்தப் பெருமைக்கு, ஊருக்குத் திரும்பியபின் தன் பண்ணைக்கு மேலிருந்த மலை உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலைப்போல ஒரு கல்வாசல் கட்டவைத்தார். அது இன்றும் ஃபைரிஷ் மலையில் நிற்கிறது. நாகப்பட்டினத்தில் அந்த வாசல் இல்லை.

இவருக்கு ஹ்யூ என்று ஒரு மகன். 1792 டிசம்பரில் கங்கை முகத்துவாரத்தில் உள்ள சாகர் தீவில் மான் வேட்டைக்குப் போன இடத்தில் புலி தூக்கிப் போனது. திப்புவின் அரண்மனையில் இருந்ததே ஒரு மரப்பொம்மை, வெள்ளைக்காரச் சிப்பாய்மேல் புலி பாய்ந்திருக்க, கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் கையைத் தூக்கி முனகுவான் - அது இந்தச் சாவைக் கேட்டுச் செய்வித்தது என்று பரவலாகச் சொல்வார்கள். இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புலி தின்ற மன்றோவைப் பீங்கான் பொம்மையாகவும் செய்து இங்கிலாந்தில் விற்றிருக்கிறார்கள். பட்டா கொடுத்த மன்றோவைத்தான் புலி தின்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி இளையவர். தாமஸ் மன்றோ ஹெக்டருக்குத் தூரத்துச் சொந்தம். 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வர்த்தகம். அங்கே குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் ராஜாவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். கிளாஸ்கோவில் அலெக்ஸாண்டர் மன்றோவின் கடை சாய்ந்தது. கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருக்க வேண்டிய பையன், சிறுவயது அம்மையால் காது மந்தமானவன், கம்பெனிக் கப்பலில் ஏறி 1780 ஜனவரி 15 அன்று மெட்ராஸில் இறங்கினான். வாஷிங்டனின் சிப்பாய்கள் சும்மா இருந்திருந்தால் நம் பட்டாவில் வேறு யாருடைய கைவண்ணமாவது இருந்திருக்கும்.

ஆறு மாதத்தில் போர். ஹெக்டரின் படையில் இருந்தான். காஞ்சிக்குப் போனதும், அங்கிருந்து அடிபட்டுத் திரும்பியதும் அவன் பார்த்த முதல் யுத்தம். ஹைதரின் படை போன பிறகு இந்தச் சீமை எப்படிக் கிடந்தது என்று பின்னாளில் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்குப் போன அறிக்கை சொல்கிறது: பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக எலும்புகளும், வீடு, சத்திரம், கோயில்களின் மொட்டைச் சுவர்களும்தான் மிச்சம். நிலம் இருந்தது. உழுபவன் இல்லை. நிலத்துக்கு வரி போடுவதற்கு முன்னால் உழுபவனை ஊரில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் தாமஸ் மன்றோவின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். அதை எங்கே கற்றார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நிரூபிக்க ஒரு கடிதமும் கையில் இல்லாததால் ஊகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பட்டா பிறந்தது இங்கே அல்ல, பாராமகாலில். அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம். 1792-ல் திப்புவிடமிருந்து அந்தச் சீமை கம்பெனிக்கு வந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அதை மெட்ராஸின் சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவில்லை. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது, துபாஷி சொன்னதுதான் கணக்கு. பாஷை தெரிந்த ராணுவ அதிகாரி அலெக்ஸாண்டர் ரீட் என்பவரைப் போட்டார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: மக்லியோட், கிரஹாம், தாமஸ் மன்றோ.

ஊர் ஊராகப் போய் வயல் வயலாக அளந்தார்கள். கர்ணத்தின் கணக்கை அப்படியே நம்பாமல், நிலத்தில் நின்று, மண்ணைப் பார்த்து, இந்த வயலுக்கு இவ்வளவு தீர்வை என்று எழுதினார்கள். 1796 கடைசியில் ரீட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சுருக்கம் இதுதான்: வயலுக்குப் போட்ட தீர்வை மாறாது, குடியானவன் வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை வருஷ முடிவில் விட்டுவிடலாம், கிணறு வெட்டி நிலத்தை மேம்படுத்தினால் அதற்காக வரி ஏறாது. ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ நடுவில் இல்லை. சர்க்காருக்கும் ரயத்துக்கும் நேர் பேச்சு. பேச்சுக்குச் சாட்சியாக ஒரு பட்டா.

அப்படியென்றால் தகப்பன் பெயர்க் கலத்தில் ரீட் என்றல்லவா எழுத வேண்டும்? நியாயப்படி ஆமாம். தாமஸ் மன்றோ முதலில் நீண்டகாலக் குத்தகைதான் சரி என்று இருந்தவர், பிறகு ரீடின் வழிக்கு வந்தவர். ஆனால் ரீட் மைசூர்ப் போர் முடிந்ததும் ஒதுங்கிப் போனார். பிள்ளையை வளர்த்து, படிக்கவைத்து, சபையில் நிறுத்தியவர் மன்றோ. பெயரும் அவரோடு போயிற்று.

தருமபுரியில் இருந்த அந்த ஏழு வருஷம்தான் தன் வாழ்வின் நல்ல காலம் என்று மன்றோ நினைத்திருக்கிறார். அங்கே ஒரு தோட்டம் போட்டிருந்தார். அதை விட்டுப் போகும் வருத்தத்தைத் தங்கைக்கு எழுதியிருக்கிறார். 1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைச் சீமைக்குக் கலெக்டராகப் போனார். அங்கேதான் பெரிய அளவை. 33 அடிச் சங்கிலி. அந்த நீளத்துக்கு அந்த அகலம் ஒரு குண்டா, 1,089 சதுர அடி. நாற்பது குண்டா ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. இன்று ஒரகடத்தில் மனை வாங்குபவர் சென்ட் கணக்கில் போடும் பெருக்கல் வேறு, ஆனால் முடிகிற ஏக்கர் அதே ஏக்கர். அளந்து முடித்தபின், போட்ட தீர்வை அதிகம், நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும் என்று 1807-ல் மன்றோவே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை.

குறைக்காத தீர்வையைக் கட்டிய ஜனங்கள்தான் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி கொடுத்துப் பேசினார் என்ற கதையும், திருப்பதி நைவேத்தியத்தில் மன்றோ கங்காளம் என்ற வழக்கும் ராயலசீமைப் பக்கம் வந்தவை. மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் பிளேஸுக்கும் இதே அதிர்ஷ்டம். வரி வாங்க வந்தவனையும் பக்தனாக்கிக் கோயிலுக்குள் சேர்த்துவிடும் திறமை நமக்கு எப்போதும் உண்டு.

அந்த பிளேஸ் நம்ம ஊர்க் கலெக்டர். செம்பரம்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூரும் அடங்கிய இந்தப் பகுதியை நவாப் முகமது அலி 1763-ல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இங்கே நிலம் தனியாள் பெயரில் இல்லை. ஊர் மொத்தமும் மிராசுதார்களுடையது. ஒவ்வொருவருக்கும் பங்கு. பங்குகளைக் கரை என்று பிரித்திருப்பார்கள். அறுதிக்கரை ஊரில் அவரவர் வயல் நிரந்தரம். பசுங்கரை ஊரிலோ சில வருஷத்துக்கு ஒருமுறை வயல்களைக் கலைத்து மறுபடி பங்கு போடுவார்கள். ஏரிக்குக் கிட்டே இருக்கும் நல்ல வயலை ஒருவனே ஆண்டுகொண்டிருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அறுவடையில் களத்து மேட்டில் குவிந்த நெல்லில் சர்க்காருக்கு மேல்வாரம், மிராசுதாருக்குக் குடிவாரம். இரண்டுக்கும் முன்னால் வெட்டியான், தச்சன், கொல்லன், கோயில் என்று அளந்து எடுத்துவைப்பார்கள். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் 1795-ல் பிளேஸின் வரிக்கு ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கட்டியதும், அவர் மிராசையே பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்ததும் பெரிய வழக்கு. அதன் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

1802-ல் கம்பெனி இந்தச் சீமையை மிட்டாக்களாக வெட்டி ஏலம் விட்டது. வங்காளத்து ஜமீன் முறையை இங்கே நட்டுப் பார்த்தார்கள். மெட்ராஸ் துபாஷிகள் வாங்கினார்கள், கிஸ்து கட்ட முடியாமல் கைவிட்டார்கள். பிறகு ஊர்க்குத்தகை. அதுவும் நிற்கவில்லை. 1820-ல் தாமஸ் மன்றோ மெட்ராஸ் கவர்னர் ஆனார். நாற்பது வருஷம் முன்பு தோற்ற படையோடு காஞ்சியிலிருந்து திரும்பிய பையன்தான். ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாயிற்று. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். 1858-ல் சர்வே இலாகா வந்து, கல் நட்டு, எண் போட்டு, புலப்படம் வரைந்து முடிக்கையில் பசுங்கரையின் சுழற்சி நின்றுபோனது. கடைசியாகக் கலைத்துப் போட்டபோது யாருக்கு எந்த வயல் விழுந்ததோ, அது அவர் பெயரிலேயே உறைந்தது.

இடையில் ஒரு சின்ன உபகதை. தாமஸ் மன்றோவின் பேரன் சர் ஹ்யூ மன்றோ. புலி தின்றவரின் பெயரேதான், ஆள் வேறு. தாத்தா வயலை அளந்தார், பேரன் மலையை. 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களை 1891-ல் பட்டியல் போட்டார், 283 தேறின. இன்று அந்தச் சிகரங்களுக்கே ‘மன்றோ’ என்றுதான் பெயர். ஏறி முடிப்பதைச் சிலர் வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலில் இருக்கும் மன்றோ துருத்து இவர்கள் யாருடையதும் அல்ல. அது திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவின் பெயரில்.

பட்டாவுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் அது ஒரு கோடு கிழித்தது. மிராசுதாருக்குப் பட்டா. அவர் வயலில் இறங்கி வேலை செய்த படியாளுக்கு? பறைச்சேரியின் குடிசை மனைகூட மிராசுதாருடையது என்றே கணக்கு. சும்மா கிடக்கும் சர்க்கார் நிலத்தை உழுகிறேன் என்று தர்க்காஸ்து மனு கொடுத்தால், முதல் உரிமை எங்களுக்கு என்று மிராசுதார் வந்து நிற்பார், விதியும் அவர் பக்கம். ‘நேர் பேச்சு’ என்று மன்றோ பெருமைப்பட்ட முறையில், உழுதவனிடம் சர்க்கார் நேராகப் பேசவே இல்லை. என்னைக் கேட்டால் ரயத்துவாரியின் பெரிய பொய் இதுதான்.

அதை எழுத்தில் வைத்தவர் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர். 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி அவர் அனுப்பிய அறிக்கை மெட்ராஸில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. 1892-ல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். பத்து வருஷம் விற்கக் கூடாது. அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

1980களில் யூ.டி.ஆர். வந்தது. பழைய பதிவேடுகளை மாற்றிப் புதிதாக எழுதிய வேலை. அதில்தான் முனுசாமிகள் மோதிக்கொண்டார்கள். ‘யூ.டி.ஆர்.ல பேரு மாறிடுச்சு சார்’ என்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஜமாபந்தியில் எந்த வருஷமும் காதில் விழும் வாக்கியம். கன்னியப்பன் மகன் முனுசாமி என்பது முனுசாமி மகன் கன்னியப்பன் என்று ஏறியிருக்கும். உட்பிரிவு எண் பக்கத்து வயலுக்குத் தாவியிருக்கும். தொழிற்சாலை வேலி போட்ட பிறகுதான் அது தெரியவரும். மனு கோட்டாட்சியரிடம் போகும், அங்கிருந்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று பட்டியல் நீளும்.

பெயர்த் தவறு என்றால் இப்படித் திருத்தலாம். பஞ்சமி விஷயம் வேறு. இன்று இணையத்தில் இறக்கும் பட்டாவில் க்யூஆர் குறியீடு இருக்கும், பெயர் இருக்கும், பரப்பு இருக்கும். அந்த நிலம் 1892 ஆணைப்படி யாருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பது இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு மனுப் போட்டு, புல எண்ணைத் தேடிப் பிடித்து, கடைசிக் கலத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டும்.